பூப்பந்துத் திடலில் நாற்காலிகள்

கிள்ளான்

அன்புள்ள அஸ்வின் அப்பாவுக்கு,

மீரியில் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அஸ்வினுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. விரல் அசைகிறது. இடது கையால் அவன் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. தேருக்கு முன்னால் யாருடைய உறுமி மேளம் போவது என்று நம் அடுக்குமாடி புளோக்கும் எதிர் புளோக்கும் அடித்துக்கொண்டு, கடைசியில் நம் பிள்ளையின் மணிக்கட்டு உடைந்ததுதான் மிச்சம். அடித்த பாலனை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நீங்கள் லீவில் ஆட்களோடு வருவதாகச் சொன்னது இங்கே பரவி, இரண்டு பக்கமும் கம்பி சேர்க்க ஆரம்பித்தார்கள். அம்மாக்களைத் தாண்டிக்கொண்டு எவன் அடிக்கப் போவான், பார்ப்போமே என்றாள் மேல்வீட்டு ரேஷ்மா. மேளங்களைக் கோயிலில் வைத்துப் பூட்டினோம். புளோக்குகளுக்கு நடுவே பூப்பந்துத் திடலில் தினமும் சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எதிர் புளோக் பெண்களும் வந்தார்கள், பாலனின் அம்மா தாயம்மாள் உட்பட. அவரவர் புளோக் பக்கமாகவே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்கள். மழை விட்டு விளக்கு எரிந்ததும் ஈரத் தரையில் எல்லோரும் தலைகீழாக மிதந்தோம். யார் எந்த புளோக் என்றே தெரியவில்லை. மலாய்க்கார அக்கா, நம் காக் இடா, தேநீரை நடுவில் வைத்து, "குடிங்க லா" என்று அதட்டினார். நாற்காலியை நகர்த்தாமல் யாருக்கும் எட்டவில்லை.

அப்புறம் நம் புளோக் நாகையா இறந்துபோனார். உறுமி இல்லாமல் எப்படி வழியனுப்புவது? பூட்டைத் திறந்தோம், அஸ்வினை விட்டால் உறுமி வாசிக்கத்தான் ஆளில்லை. பாலன் திடலைத் தாண்டி வெறுங்கையோடு வந்தான். "ஆன்டி, நான் வாசிக்கவா?" என்று என்னிடம் கேட்டான். அஸ்வின் தன் உறுமியைத் தூக்கி அவன் தோளில் மாட்டினான். ஒரு கையால் முடியாததால் வாரை நான் பிடித்தேன். தூறலில் அந்த ஒலி கனவில் கேட்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பாலன் மேல் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும்.

நீங்கள் வரும் அன்று அஸ்வினால் காரோட்ட முடியாது. ஏர்போர்ட்டுக்குப் பாலன் வருகிறேன் என்கிறான். "அக்கா, அண்ணன் அவனை அடிச்சிடுவாரா?" என்று தாயம்மாள் கேட்டாள்.

தனியாக வாருங்கள். உங்கள் பெட்டியை வாங்க அவன் கை நீட்டுவான். கொடுத்துவிடுங்கள்.

அம்மன் உங்கள் கூடவே வரட்டும்.

தாமரை