கைத்துறப்பணமும் சிவப்பு வட்டமும்

நண்பரே,

கதவுக்குப் பூட்டுப் போட வந்த ஆசாரியார், உமது செத்தவீட்டுக்குப் பிறகு உம் மனைவி என்னிடம் தந்த கைத்துறப்பணத்தால் இன்று துளை போட்டார். அந்தக் கரகரச் சத்தம் கேட்டதும் என் இரண்டு கையும் தாமாக மேலே போய்விட்டன. "என்ன ஐயா, கள்ளனைக் கண்டமாதிரி?" என்று சிரித்தார். அந்தப் பாழாய்ப்போன கருவியால் ஒருகாலம் என் உயிர் போகப் பார்த்தது அவருக்கு எப்படித் தெரியும்?

நாற்பத்திரண்டாம் ஆண்டு, ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஊரே வானத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க, நீர் பாமன்கடையிலிருந்த உமது அறைக்குள் மூங்கிலும் கடதாசியும் வைத்து ஜப்பான்காரனின் சண்டை விமானத்தை அளவு பிசகாமல் செய்துகொண்டிருந்தீர். கந்தோரில் பக்கத்து மேசைக்காரனான எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. வெள்ளவத்தைக் கடற்கரையில் துணியை விலக்கினால், இறக்கைகளில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டம்!

"உமக்கு விசரே? அதை அழியும்!"

"அடையாளம் இல்லாட்டி அது விமானமில்லை, பட்டம். பேசாமல் முறுக்கும்."

நீர் விமானத்தைப் பிடிக்க, நான் துறப்பணத்தின் கொக்கியில் விமானத்தின் விசிறியைச் சுழற்றும் ரப்பரை மாட்டி முறுக்கினேன். விட்டீர். அது எழும்பி, கடல் பக்கம் திரும்பி, காவலரணுக்கு மேலாகப் போனது. வெள்ளைக்காரச் சிப்பாய் துவக்கைத் தூக்கினான். முதலில் விமானத்தை நோக்கி, பிறகு என்னை நோக்கி. கையில் துறப்பணத்தோடு நிற்பவன், தூரத்தில் இருந்து பார்த்தால் கைத்துவக்கோடு நிற்பவன்தானே. கீழே போடச் சொல்லிக் கத்தினான். எனக்கு விரல் விரியவில்லை.

அப்போது உமது முதுகு என் முன்னால் வந்து நின்றது. இரண்டு கையையும் விரித்து, "பேப்பர் சேர், டோய் சேர்!" என்று, அது வெறும் விளையாட்டுச் சாமான் என இங்கிலீசில் தொண்டை கிழியக் கத்தினீர். துவக்கு மெல்ல இறங்கியது. அவன் வந்து துறப்பணத்தைப் பிடுங்கிப் பார்த்தான், உமது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான், துறப்பணத்தை மணலில் எறிந்துவிட்டு எங்கள் இருவரையும் துரத்தினான். ஓடும்போதும் நீர் அதைப் பொறுக்கிக்கொண்டீர். விமானம் கடலோடு போயிற்று.

வீங்கிய கன்னத்தோடு நீர் சொன்ன முதல் வார்த்தை, "கண்டனீரோ, ஒரு பக்கமும் சரியாமல் போனது."

ஏன் குறுக்கே வந்தீர் என்று எத்தனையோ தரம் கேட்டிருப்பேன். "உமக்காகவே? விமானத்தைப் பிடிக்க ஓடினனான். நீர் இடையில நிண்டிட்டீர்." கடைசிவரை அதையே சொல்லிச் சிரித்தீர். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்ததும் ஆசாரியார் துறப்பணத்தை விலைக்குக் கேட்டார். தர மாட்டேன் என்றேன். விமானம் கடல் பக்கம் போனது, நண்பரே. நீர் ஓடி வந்தது என் பக்கம்.