நல்லாருக்கு என்று நான் சொன்ன படம்

சங்கரன்கோவில்,
புதன்கிழமை.

அன்பு மகள் தேன்மொழிக்கு, அம்மா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, என் முழங்கால்தான் படியைக் கண்டாலே முறைக்கிறது. கால்கரி குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா, குட்டிக்குத் தலைக்கு ஊற்றினால் ஈரம் போகத் துவட்டிவிடு, ஹீட்டர் இருக்கிறது என்று அசட்டையாக இருக்காதே. போன் இருக்கும்போது அம்மா ஏன் பேனாவை எடுத்தாள் என்று நினைப்பாய். போன் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் சொல்கிறார். ஸ்டூடியோ இசக்கிராஜா வீட்டு அறுபதாம் கல்யாணத்தில் நடந்ததை அவர் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார், அதை வைத்துத்தான் நீ, பாவம்மா அவரு, போய் ஒரு சாரி சொல்லிரு என்று மெசேஜ் போட்டிருக்கிறாய். மீதிப் பாதியையும் கேட்டுவிட்டுச் சொல்.

நீ அனுப்பின அந்தக் கேமராவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் படம் எடுக்கும், இன்ஃப்ராரெட் என்று பெயர், பச்சை இலை வெள்ளையாக வரும், வானம் கறுத்துப்போகும் என்று நீ சொல்லிக்கொடுத்தாயே, ரிட்டயர் ஆன பிறகு எனக்கு அதுதான் பொழுது. அதற்கு உச்சி வெயில் வேண்டும் என்று மேலநீலிதநல்லூர் பக்கம் மத்தியான பஸ்ஸில் போய், கரிசல் காட்டில் தனியாக நிற்கிற வேப்பமரத்தையும் அதன் நிழலில் ஒண்டிக்கிடந்த ஆடுகளையும் எடுத்தேன். மரம் பஞ்சாய்ப் பூத்து நிற்க, பின்னால் வானம் கறுப்பாய் இறங்க, எனக்கே நான் எடுத்ததுதானா என்று இருந்தது. பிரிண்ட் போட்டு நம் ஊர் போட்டோ சங்கத்துக்குக் கொண்டுபோனேன். இசக்கிராஜாவின் ஸ்டூடியோ மாடியில்தான் மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், அவர்தான் தலைவர், என்னைத் தவிர எல்லாரும் ஆம்பளைகள். அங்கே ஒரு வழக்கம் உண்டு, யாருடைய படம் மாட்டியிருக்கிறதோ அவர் கடைசி ஆள் பேசி முடிக்கிறவரை வாய் திறக்கக் கூடாது. கடையநல்லூர் மைதீன் பாட்சா மட்டும் முறையாகச் சொன்னார், இடது பக்கம் ஒரு ஆடு பாதியில் வெட்டுப்பட்டு நிக்கி, ரெண்டு எட்டு பின்னால போயிருக்கலாம் என்று. அது சரி, ஒத்துக்கொண்டேன். இசக்கிராஜா எழுந்தார். என்ன மைனி, மேலநீலிதநல்லூர்ல எப்போ பனி பெஞ்சுது, மக கனடாவுல இருந்து கேமராவோட ஒரு மூட்டப் பனியையும் சேத்து அனுப்பிட்டாளோ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்ல கோலம் போட்டுப் பழகுன கைலா, வெள்ளைய விட மாட்டேங்கு என்று அதற்கு மேலேயும் ஒன்று. நான் வழக்கப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு விட்டாரா, என் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, குறைந்த செலவில் காஷ்மீர் டூர் என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பினார். காய்கறிக் கடைக்காரர்கூட எப்போ கெளம்புதிய என்று கேட்டார். இந்த ஆளை ஒருநாள் எல்லார் முன்னாலும் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

கொஞ்ச நாளில் பார்த்தால், பெரிய ஊர்களில் கல்யாண போட்டோக்காரர்கள் எல்லாம் இன்ஃப்ராரெட் எடுக்கிறார்கள் என்று எவனோ அவருக்குக் காட்டியிருக்கிறான். உடனே ஆசை வந்துவிட்டது, என்னிடம் நேரே கேட்க முகமில்லை, சுந்தரியை அனுப்பினார். அவருடைய சம்சாரம் சண்முகசுந்தரியை உனக்குத் தெரியும், உன் வளைகாப்புக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பூக்கட்டினவள். அக்கா, அறுபதாம் கல்யாணத்துக்கு எங்க ரெண்டு பேரையும் எடுக்கணும்னு அவுக சொல்லுதாக, ஒருநாள் கேமராவத் தாங்க என்றாள். அவளிடம் இல்லை என்று சொல்ல முடியுமா. ராயகிரியில் ஒரு தென்னந்தோப்புக்குப் போய் ஸ்டாண்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் அரக்குப் பட்டு உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு போனாள்.

இப்போது கவனமாகக் கேள். அந்தக் கேமராவுக்குச் சிவப்பு தெரியாது. நீ அனுப்பின புதிதில் கண்ணாடி முன்னால் நின்று என்னையே எடுத்துப் பார்த்தேன், சிவப்புச் சேலை வெள்ளைச் சேலையாகிவிட்டது, நெற்றியில் பொட்டே இல்லை. பகீர் என்று இருந்தது, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் அழித்துவிட்டேன். இசக்கிராஜா அந்தப் படத்தை அடுத்த கூட்டத்தில் மாட்டினார். தென்னை ஓலை எல்லாம் வெள்ளி மாதிரி, கறுத்த வானம், நடுவில் அவர் மீசையை முறுக்கிக்கொண்டு, பக்கத்தில் சுந்தரி வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக. புருஷனுக்கு அறுபதாம் கல்யாணம், பெண்டாட்டி தாலியறுத்த கோலத்தில் நிற்கிறாள். ஆம்பளைகள் எல்லாரும் ஓலையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், அண்ணாச்சி பின்னிட்டிய என்றார்கள். மைதீன் பாட்சா அன்றைக்கு வரவில்லை. கடைசியில் என் முறை வந்தது. இசக்கிராஜா வழக்கத்தையும் மறந்து, மைனி என்ன சொல்லுதிய என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் எழுந்து, நல்லாருக்கு, பெருசாப் போடுங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லும்போது பாயசம் குடித்தது மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போட்டார். மண்டப வாசலில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். முதலில் பார்த்தது சிவகிரியிலிருந்து வந்த அவருடைய அக்கா. ஏலே, நீ உசுரோட நிக்கும்போதே அவள அறுதலிக் கோலத்துல நிறுத்திட்டியே பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். மேளம் நின்றது. சம்பந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இசக்கிராஜா, இது ஒரு டெக்னிக்குக்கா, இன்ஃப்ராரெட்டுல அப்படித்தான் என்று திக்கித் திணறியதை நான் முன் வரிசையில் நின்று பார்த்தேன். இந்த இடம் வரைக்கும் எனக்குத் தேன் குடித்த மாதிரிதான் இருந்தது. உன் அப்பா உனக்குச் சொன்னதும் இது வரைக்கும்தான். அதற்குப் பிறகு சுந்தரி வெளியே வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இத எடுத்து, கம்ப்யூட்டர்ல வச்சு ஒவ்வொரு ஓலையாத் துடைச்சாகளே, என் நெத்தியில பொட்டு இல்லங்கது ஒரு நாளும் கண்ணுல படல பாத்தியளா என்று பொதுவாகச் சொன்னாள். தாம்பாளத்திலிருந்து குங்குமத்தை எடுத்து அந்த நெற்றியில் வைத்தாள். வழுவழுப்பான ஃப்ளெக்ஸ், ஒட்டுமா, கொட்டிக்கொண்டே இருந்தது. அவளும் வைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதைக் கண்டாளோ, கிட்ட வந்து மெதுவாக, அவுகதான் பாக்கல, நீங்க பாத்திய, இல்லியாக்கா என்றாள்.

அடுத்த நாளே இசக்கிராஜா வீடு தேடி வந்தார். மைனி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று உன் அப்பா முன்னால் சொன்னார், நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் என்றும் முனகினார். சொல்லியிருந்தா கேட்டிருப்பியளா என்றேன். அந்த ஆளுக்குச் செய்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை, இன்னொரு தடவை வாய்த்தாலும் அதையேதான் செய்வேன், சாரி பூரி எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதே. ஆனால் சுந்தரி என்னோடு பேசுவதில்லை தேனு. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். அந்த மனுசனை மன்னித்துவிட்டாள், வழக்கம்போலக் காப்பி போட்டுக் கொடுக்கிறாளாம், என்னைத்தான் விடவில்லை. பழிவாங்குவதில் நான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன், ஒரு வார்த்தை பேசாமலே என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்கு வருகிற நேரத்துக்குப் போகப்போகிறேன். அவள் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன், ஒன்றும் சொல்லாமல் போனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் போவேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அம்மன் உங்கள் பக்கத்திலேயே இருப்பாள். இட்லிப்பொடியும் சுண்டவற்றலும் தனிப் பார்சலில் வருகிறது, வந்ததும் டப்பாவில் மாற்றி வை. இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டாதே. முக்கியமாக ஒன்று, எனக்காகச் சுந்தரிக்கு நீ போன் போட்டுப் பேசாதே. அவள் கோபம் எனக்கு வரவேண்டியது, நடுவில் நீ வாங்கிக்கொள்ளாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கோ. ஆறுமுகத்தாய்