மேல்தளத்தாரின் ஆட்சேபம்

ஹின்டர்போடன்
14 ஜனவரி 1987
பதிவு அஞ்சல்

மதிப்பிற்குரிய செல்வி கிரெசென்ஸ் அவர்களுக்கு,

1. இதை எழுதுபவன் அன்செல்ம் ட்சூர்டானன், தொழிலால் நோட்டரி, தாங்களும் நானும் பங்குடைய மரவீட்டின் மேல்தளத்துக்கு உரியவன்.

2. தங்கள் கீழ்த்தளத்தை சூரிச்சுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுப் பள்ளத்தாக்கின் வாயிலிலுள்ள நகரத்துக்குக் குடிபெயர இருப்பதாகவும், பங்குதாரன் என்ற முறையில் என் இசைவு வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள்.

3. இசைவு தர இயலவில்லை. என் தளத்தில் அடுப்பு இல்லை. தங்கள் கல்லடுப்பின் வெப்பம் பலகை இடுக்குகள் வழியே ஏறித்தான் என் அறையில் குளிர் தணிகிறது. கோடைக்கு மட்டும் வந்துபோகும் ஒருவர் ஜனவரியில் அடுப்பு மூட்டுவார் என நம்ப இடமில்லை.

தாங்கள் அனுப்பிய பேரிக்காய் ரொட்டிக்கு நன்றி. அது இவ்வாட்சேபத்தை எவ்வகையிலும் பாதிக்காது.

இப்படிக்கு,
அன்செல்ம் ட்சூர்டானன்


16 ஜனவரி

நோட்டரி ஐயாவுக்கு, கிரெசென்ஸ் வணக்கத்துடன் எழுதுவது.

படி இறங்கினால் என் கதவு. உங்கள் கடிதமோ அஞ்சலகம் வரை போய்த் திரும்பி வந்தது. தபால்காரர் செவெரின் தொப்பியில் பனியோடு வாசலில் நின்று, "ஏம்மா, உங்க ரெண்டு பேருக்கும் வாய் இல்லையா? ஒரே வீட்டுக் கடுதாசிக்கு நான் ஊரைச் சுத்தணுமா?" என்று கத்தினார். ரொட்டிக்கடை ஓட்டீலியா வேறு, "நோட்டரிக்குக் குளிருதாமே? ஒரு போர்வைய மடிச்சுக் குடுத்தனுப்புடி" என்கிறாள். ஊரே சிரிக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கப் பேருந்து ஓட்டி, சாலை முடியும் இந்த ஊரில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. தலைக்கு மேலே நடக்கும் காலடிதான் துணை. அதற்கு நகரமே மேல்.

பனிச்சரிவு சாலையை மூடிக் கிடக்கிறது. திறந்ததும் சூரிச்சுக்காரர் வந்துவிடுவார். குளிர்தான் காரணமென்றால் ஓர் அடுப்பை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

அன்புடனும் கோபத்துடனும்,
கிரெசென்ஸ்


19 ஜனவரி

அன்புள்ள கிரெசென்ஸ்,

1. மேற்படி அன்செல்ம், தெளிந்த அறிவோடு, எவர் வற்புறுத்தலுமின்றி எழுதுவது.

2. வெப்பம் குறித்த ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். இசைவுப் பத்திரத்தை ஒப்பமிட்டு இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் தடையின்றி விற்கலாம்.

3. ஆயினும், தாங்கள் போகக் கூடாது என விரும்புகிறேன். அதற்குச் சட்டத்தில் ஆதாரம் தேடினேன், இல்லை. மாலையில் தங்கள் பேருந்து கடைசி வளைவில் ஒலி எழுப்பும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை. இது ஒன்றே ஆதாரம்.

4. ஆகவே, என்னை மணந்துகொள்ளுமாறு கேட்கிறேன்.

5. பிற்சேர்க்கை: நாளை சாலை திறக்கும் என்று அறிவிப்பு வந்ததால், இதை அஞ்சலில் சேர்க்காமல் நானே படியிறங்கி வந்து, தங்கள் சமையலறையில், தங்களோடு சீட்டாட உட்கார்ந்திருந்த இருவர் முன்னிலையில் உரக்க வாசித்தேன். நான்காம் பத்தியை இருமுறை வாசிக்க நேர்ந்தது. தாங்கள் அளித்த பதில் சொல் மாறாமல் பதியப்படுகிறது: "இதச் சொல்ல இவ்வளவு நாளா, மனுஷா? சரின்னு எழுதிக்குங்க. அந்த இசைவுக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு உக்காருங்க. நாலாவது கை இல்லாம ஆட்டமே நிக்குது."

6. கிழித்தாயிற்று. உட்கார்ந்தாயிற்று.

ஒப்பம்: அன்செல்ம் ட்சூர்டானன்

சாட்சிகள்:
செவெரின் ஆன்தமாட்டன், தபால்காரர்
ஓட்டீலியா புர்கனர், ரொட்டிக்கடை