அல்ஃபாமாவில் எங்கே தங்குவது

பரெய்ரு,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புத் தம்பி அபீலியோவுக்கு,

அக்கா தெயோலிந்தா எழுதுகிறேன். நீயும் உன் மனைவி டெனிஸும் பிள்ளைகளும் டொராண்டோ குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

மே மாதம் எல்லோரும் லிஸ்பனுக்கு வருவதாகச் சொன்னாய். "ஊர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா நாலு விஷயம் சொல்லுக்கா, டெனிஸ் நம்ம ஊரப் பாத்ததே இல்ல" என்று கேட்டாய். போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம். மேலே பரெய்ரு என்று இருப்பதைப் பார்த்துக் குழம்பாதே, அதற்கு வருகிறேன்.

விமான நிலையத்தில் வெளியே வந்ததும் நிற்கிற டாக்சியில் ஏறாதே. மாடிக்குப் போ. அங்கே ஆள் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி கிடைக்கும், சண்டை இருக்காது. இருபத்தெட்டாம் நம்பர் டிராமில் காலையில் சீக்கிரமே ஏறிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் ஜேப்படிக்காரர்கள்தான் பாதிப் பேர். டெனிஸ் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளட்டும். வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிற கடையில் சாப்பிடாதீர்கள். கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தொட்டால் பில்லில் வரும். மே மாதத்தில் மத்தி கேட்காதே. "ஜூன் பொறக்காம மத்தியில எண்ணெய் ஏறாது, அது மீனில்ல, காகிதம்" என்று அப்பா சொல்வாரே. கடைத்தெருவில் யாராவது ரகசியமாகப் போதைச் சரக்கு நீட்டினால் பயப்படாதே. பெரும்பாலும் அது சூப்பில் போடுகிற பிரிஞ்சி இலைதான்.

எங்கே தங்குவது என்றும் கேட்டாய். "நம்ம அல்ஃபாமா வீட்டுலயே தங்கிக்கிறோம், பிள்ளைங்க தரையில படுத்துக்கும்" என்றாய்.

அந்த வீடு நம்மிடம் இல்லை, தம்பி. வீட்டுச் சொந்தக்காரர் இறந்ததும் அவர் மகன் கட்டடத்தையே விற்றுவிட்டான். வாங்கியவர்கள் வாடகை ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதி அனுப்பினார்கள். வக்கீலிடமும் போய்ப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம், பரெய்ருவில், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தோம். அம்மா செத்த அறையில் இப்போது ஊர் சுற்ற வருகிறவர்கள் இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி என்று தங்கிப் போகிறார்கள். "அபீலியோகிட்ட சொல்லாத. அவனாவது வீடு இருக்குன்னு நெனச்சுட்டு இருக்கட்டும்" என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இன்று அதை மீறுகிறேன்.

இங்கே வந்த பிறகும் அப்பா தினமும் படகேறி அல்ஃபாமாவுக்குப் போனார். பழைய சிநேகிதர்களைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிநேகிதர்கள் யாரும் அங்கே இல்லை, அவர்களையும் காலி செய்துவிட்டார்கள். அப்பா நம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கே தங்க வந்திருந்த ஒரு ஹாலந்துப் பெண் அவரை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்தாளாம். கட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று அவளுக்குக் கையால் காட்டினாராம். அன்று அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அடுத்து வந்தவர்கள் பயந்து புகார் செய்துவிட்டார்கள். வீட்டை நிர்வகிக்கிற பெண் எனக்குப் போன் செய்து, "உங்கப்பாவ வீட்டுல பிடிச்சு வையுங்கம்மா. இல்லாட்டி போலீசுக்குத்தான் சொல்லணும்" என்றாள்.

பிறகு கதவில் எண் பூட்டு மாட்டினார்கள். அப்பா அதன் முன்னால் நின்று, உன் பிறந்த நாள், என் பிறந்த நாள், அம்மாவுடையது என்று மாற்றி மாற்றி அழுத்துவார். நான் போய் இழுத்துக்கொண்டு வருவேன். "சும்மா இருடி, இன்னொரு தேதி இருக்கு, அதப் போட்டா தெறந்துடும்" என்பார்.

ஜனவரி மழையில் அந்தப் படிக்கட்டிலேயே வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆபரேஷன் செய்தார்கள், எலும்பு கூடவில்லை. இப்போது தானாக எழுந்து உட்கார முடியாது. கஞ்சி இரண்டு கரண்டி இறங்கினால் பெரிது. என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இதுதான் வீடு என்று சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. டாக்டர் இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். மே மாதம் வரைக்கும் தாங்குவாரா என்று கேட்டேன். அவர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார்.

அந்த வீட்டை ஒரு நாளுக்கு நானே வாடகைக்குக் கேட்டேன். என் பெயரைக் கேட்டதும் அந்த நிர்வாகப் பெண் போனை வைத்துவிட்டாள். நீ டெனிஸ் பெயரில் எடு, அபீலியோ. அவள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. மே மாதத்துக்கு வேண்டாம், இந்தக் கடிதம் வந்து சேர்கிற வாரமே கிடைக்கிறதா பார். பிள்ளைகளைப் பிறகு அழைத்து வரலாம். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் அப்பாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வர ஒப்புக்கொண்டிருக்கிறார். சுவரையெல்லாம் இடித்து வெள்ளையடித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அடையாளம் தெரியுமோ, உன்னையே தெரியுமோ, எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் ஜன்னல் பக்கமாக ஒரு கட்டிலை நகர்த்திப் போட்டு வை.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒருவேளை அதற்குள் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தாலும், தம்பி, அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நாம் இரண்டு பேரும் போய்ப் படுத்திருந்துவிட்டு வருவோம்.

உன் அக்கா
தெயோலிந்தா