வாசித்து விளக்கியவர்

கட்டுகஸ்தோட்டை
13.02.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இதற்கு முன் போட்ட இரண்டு கடிதங்களும் உங்கள் கைக்கு வரவில்லை என்று போன சனிக்கிழமை சிறைச்சாலை வாசலில் வைத்துத்தான் தெரிந்தது. தமிழில் எழுதியதை வாசித்துப் பார்த்து உள்ளே விட அங்கே ஒருவர்தான் இருக்கிறாராம். அவர் லீவில் போனால் கடிதங்களும் மேசையில் படுத்துக்கொள்கின்றன. சிங்களத்தில் எழுதினால் அன்றைக்கே போகும் என்றார் வாசலில் இருந்தவர். எழுத எனக்குத் தெரியும். வாசிக்க உங்களுக்குத் தெரியாதே.

அன்று நான் ஒன்றும் பேசவில்லை என்று கோபிக்க வேண்டாம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது என் குரல் எழும்புவதில்லை. அம்மா கொண்டுவந்த மாசிச் சம்பலைக் கரண்டிக் காம்பால் கிளறிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். மடுல்கெல்லையில் நம் லயத்துக்குத் திரும்பும்வரை அம்மா வெறும் சம்பல் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தார்.

ஒரு நல்ல செய்தி. அரசாங்க அலுவலகமொன்றில் என்னை மொழிபெயர்ப்பு உதவியாளராக எடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம் தகுதிகாண் காலம், அதன் பிறகு நிரந்தரம். கெம்பஸில் சிங்களப் பரீட்சையை விழுந்து விழுந்து படித்துப் பாஸ் பண்ணியது வீண்போகவில்லை. லயத்தில் அம்மா சொல்லாத வீடு இல்லை.

நம் தோட்டத்துக் கஜேந்திரன் அண்ணனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. அவர் மனைவி அம்மாவைக் கண்டால் கதவைச் சாத்துகிறாராம். கஜேந்திரன் அண்ணன் குடித்துவிட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் உங்களோடு சண்டைக்கு வந்ததையும், தானாகவே வழுக்கிக் கல்லுக் கட்டிய தண்ணீர்க் கானுக்குள் விழுந்ததையும் வேறு ஒருவரும் காணவில்லை. நீங்கள்தானே அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். நடந்ததை நடந்தபடி பொலிசில் சொன்னீர்கள். பிறகு ஏன் கொலை என்று வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்களுக்காகச் செபிக்கும் தங்கை,
றேணுகா


03.03.2024

அன்புத் தங்கச்சி றேணுவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வேலை கிடைத்ததை இந்த அறையில் உள்ள எல்லோருக்கும் சொன்னேன். "அப்ப ஒன் கேஸையும் மொழிபெயர்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுடா" என்றான் ஒருத்தன். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இங்கே அக்குறணையைச் சேர்ந்த முனாப் நானா என்று ஒருவர் இருக்கிறார். வேன் விபத்து வழக்கில் வந்தவர். சிங்களம் தண்ணீர்பட்டபாடு. சட்ட உதவிக்கு வந்த சட்டத்தரணி ஜஹானா மிஸ் என் வாக்குமூலத்தின் கொப்பியைத் தந்திருந்தார். கடைசிப் பக்கம் கறுப்பாக விழுந்திருந்தது, மற்றதெல்லாம் தெளிவு. அதை முனாப் நானாவிடம் கொடுத்தேன்.

"தம்பி, நீங்க பொலிஸ்ல என்னத்தச் சொன்னீங்க?"

"சண்டைக்கு வந்தாரு, நான் தள்ளித்தான் நின்னேன்னு சொன்னேன் நானா."

"இதில அப்பிடி இல்லையே. 'மம எயாவ தல்லு களா'ண்டு கிடக்கு. அவனத் தள்ளிவுட்டேண்டு கருத்து. சிங்களத்தில தல்லுண்டா புடிச்சுத் தள்ளுறது வாப்பா. ஒதுங்கி நிக்கிறதில்ல."

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தங்கச்சி. சத்தியமாகச் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்குப் பொலிசில் நான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி முடித்ததும் சார்ஜன்ட் உன்னைக் கூப்பிட்டு வாசித்தாரே. நீ என் பக்கம் திரும்பி, "சரியாத்தான் எழுதியிருக்காங்கண்ணே, ஒப்பம் வைங்க" என்று சொன்னாய். நான் வைத்தேன். அன்றைக்கு உனக்கு என்ன கேட்டது? அதை மட்டும் எழுது. கோபத்தில் கேட்கவில்லை.

அண்ணன்,
ரொனி


கட்டுகஸ்தோட்டை
24.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் வைத்து வாசித்தேன். என் அறையில் இன்னும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

சார்ஜன்ட் மிகவும் வேகமாக வாசித்தார். நான் பரீட்சைக்குப் படித்த சிங்களத்தில் ஒரு ஆள் கடைக்குப் போவார், இன்னொரு ஆள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். இவர் வாசித்தது வேறு. பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. இடையில் 'தல்லு' என்று ஒரு சொல் காதில் விழுந்தது. நீங்கள் சொன்ன 'தள்ளி' அதுதான் என்று நினைத்தேன். தெரியாத ஊரில் நம் ஆளைக் கண்டது போல இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சரி என்று நம்பினேன்.

"தேருணாத நங்கீ?" என்று கேட்டார். விளங்கியதா தங்கச்சி என்று. அங்கிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கெம்பஸ் முடித்த பிள்ளை என்று நீங்கள்தான் அவர்களுக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்தான் அண்ணா. வேறு ஒரு காரணமும் இல்லை.

சுவரில் ஓர் அறிவித்தல் இருந்தது. தமிழில் வாக்குமூலம் கொடுக்க உரிமை உண்டு என்று. அதைக் கேட்டு வாங்கவும் சிங்களம் வேண்டியிருந்தது.

ஜஹானா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். என்னை மன்னியுங்கள் என்று எழுதினால் அதுவும் சின்னதாகத் தெரிகிறது.

றேணுகா


21.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை முனாப் நானாவுக்கு வாசித்துக் காட்டியது பிழையாகப் போய்விட்டது. அவர் இன்னொருவருக்குச் சொல்ல, இப்போது இந்த வார்டில் எனக்குப் பெயரே 'தல்லு'. காலையில் தண்ணீர் வரிசையில் "தல்லுவுக்கு முன்னால நிக்காதீங்கடா, கானுக்குள்ள போயிருவீங்க" என்கிறார்கள். பழகிவிட்டது.

ஜஹானா மிஸ் வந்தார். பொலிசில் சொன்னதாக எழுதியிருப்பதை வைத்து என்னைக் குற்றவாளியாக்க முடியாதாம். ஆனால் வழக்கு வரும்வரை உள்ளே வைத்திருக்க அது போதுமாம். வழக்கு வர நான்கைந்து வருடம் ஆகலாமாம். கொலை என்பதால் பிணையை மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். நீ எனக்கு எழுதியதையே ஒரு சத்தியக் கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்தால் பிணை கிடைக்கும் என்று நம்புகிறார். அடையாள அட்டையோடு அவருடைய கந்தோருக்குப் போ.

வெட்கப்பட்டதற்கு உன்னை என்ன சொல்வது? சின்ன வயதில் கடைக்குப் போய் ஒரு நெருப்புப்பெட்டி கேட்கவும் உனக்காக நான்தானே வாய் திறந்தேன். இந்த ஒரு தடவை நீ எனக்காகப் பேசு.

அண்ணன்,
ரொனி


கட்டுகஸ்தோட்டை
26.05.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் பிந்திவிட்டது. இரண்டு தடவை ஜஹானா மிஸ்ஸின் கந்தோர்ப் படி வரைக்கும் போனேன். மூன்றாம் தடவை உள்ளே போனேன். சத்தியக் கடதாசியைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். நான்காவது பந்தியில், "எனக்குச் சிங்கள மொழியில் போதிய அறிவு இல்லை" என்று இருக்கிறது. அது இல்லாமல் முடியாதா என்று கேட்டேன். அதுதான் முழு விஷயமும் என்றார்.

அண்ணா, நான் இப்போது ஒவ்வொரு நாளும் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கிக் கீழே என் பெயரைப் போடுகிறேன். இப்படி ஒரு கடதாசி நீதிமன்றத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் என்னை நிரந்தரமாக்க மாட்டார்கள். அம்மாவிடம் கேட்டேன். "ஒன்னுதான் உள்ள கெடக்கு. இன்னொன்னையும் நானே கொண்டுபோய்க் குடுக்கணுமா?" என்று அழுதார்.

வேறு வழி இருக்கிறது என்று தோன்றுகிறது. உங்களுடைய சத்தியக் கடதாசியில், எனக்கு ஒருவரும் வாசித்து விளக்கவில்லை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்து ஆள் ஒருவருக்கு அப்படி நடந்தது என்றால் எவரும் நம்புவார்கள். என் பெயர் வரத் தேவையில்லை. விளைவு ஒன்றுதானே. மிஸ் கேட்டாலும், நான் விளக்கினேனா என்பது நிச்சயமாக ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நானும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கோபிக்காதீர்கள். அம்மா வேறு சம்பல் அனுப்புகிறார்.

றேணுகா


கட்டுகஸ்தோட்டை
14.07.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மே மாதத்துக்குப் பிறகு பதில் வராமல் நான் போடும் நான்காவது கடிதம் இது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் கடமையில் இருக்கிறார் என்று விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பிணை மறுக்கப்பட்டது என்று மட்டும் அம்மா சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. ஜஹானா மிஸ் என் அழைப்பை எடுப்பதில்லை.

என்ன நடந்தது? ஒரு வரியாவது எழுதுங்கள். போன வாரம் வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றேன். நீங்கள் வெளியே வரவில்லை.

றேணுகா


04.08.2024

றேணுகாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். எனக்கு ஒருவரும் வாசித்து விளக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். ஜஹானா மிஸ் இரண்டு தடவை கேட்டார், "நிச்சயமா ரொனி? தங்கச்சி அங்க இருக்கல்லியா?" என்று. இருந்தாள், ஆனால் விளக்கவில்லை, முன்பு சொன்னது என் பிழை என்றேன்.

மேல் நீதிமன்றத்தில் அரச தரப்புச் சட்டத்தரணி வாக்குமூலத்தின் மூலப் பிரதியை எடுத்தார். கறுப்பாக விழுந்த அந்தக் கடைசிப் பக்கம் அவரிடம் வெள்ளையாக இருந்தது. 'வாசித்து விளக்கியவர்' என்று போட்டு, கீழே உன் பெயர், உன் அடையாள அட்டை இலக்கம், உன் ஒப்பம். சிங்கள எழுத்தில் வைத்திருக்கிறாய். பிறகு எனக்குக் கிடைத்த அதன் தெளிவான கொப்பியைப் பார்த்துவிட்டு முனாப் நானா, "எழுத்து முத்து மாதிரி இருக்கு" என்றார்.

நான் ஒப்பம் வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நீயும் வைத்தது எனக்குத் தெரியாது. நீ மறந்திருப்பாய் என்று அம்மா சொல்கிறார். கடைக்காரன் மீதியைக் குறைத்துக் கொடுத்ததை ஐந்து வருடம் கழித்து வந்து எனக்குச் சொன்னவள் நீ.

கீழ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று என் தவணை மூன்று தடவை தள்ளிப்போனது. மேல் நீதிமன்றத்தில் அன்றைக்கு ஒருவர் வந்திருந்தார். கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி, நீதிபதி சொன்னதை ஒரு சொல் தவறாமல் எனக்குத் தமிழில் சொன்னார். "நீ சத்தியம் செய்து பொய் சொல்லியிருக்கிறாய். நீ நம்பத் தகுந்த ஆள் இல்லை. பிணை இல்லை." எல்லாமே விளங்கியது. ஜஹானா மிஸ் கோப்பை மூடிக்கொண்டு என்னைப் பார்க்காமலே போனார். இனி இந்த வழக்கில் தான் வர முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உன்னுடைய மார்ச் மாதத்துக் கடிதம் என்னிடம் இருந்தது. அதை நீதிமன்றத்தில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி முனாப் நானா சண்டை பிடித்தார். அம்மா வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கைகூப்பிக்கொண்டு நின்றார். கிழித்துவிட்டேன். அம்மாவுக்காக. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒவ்வொரு ஆளையும் பார்க்க வருகிறவர்களின் பெயர்கள் இங்கே ஒரு புத்தகத்தில் இருக்கும். நேற்று அந்த மேசைக்குப் போய் உன் பெயரில் விரலை வைத்தேன். "நங்கீ எப்பாத?" என்று கேட்டார் அதிகாரி. தங்கச்சி வேண்டாமா என்று. ஏழு மாதத்தில் அந்த அளவு சிங்களம் எனக்கும் வந்துவிட்டது.

"எப்பா சேர்" என்றேன்.

உடனே வெட்டிவிட்டார். யாரையும் கூப்பிட்டு விளங்கியதா என்று கேட்கவில்லை.

சு. ரொனி