ஒன்றில் ஆறு போகாது

வாயாடி,

அம்மா காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

நேற்று 612-ஐ ஆறால் வகுத்து 102 என்று எழுதியிருந்தாய். நடுவில் பூஜ்யம் எதற்கு என்று வெடுக்கென்று அழித்து 12 ஆக்கினேன். "அப்பா இருந்தா அழிச்சிருக்க மாட்டாரு"ன்னு அழுதுகொண்டே படுத்துவிட்டாய்.

இப்போது அவர் சொல்லித்தந்தபடி போட்டுப் பார்த்தேன். ஆறில் ஆறு ஒரு தடவை போகும். அடுத்து இருக்கிற ஒன்றில் ஆறு போகாது. அங்கே பூஜ்யம் போடணும். பிறகு இரண்டை இறக்கினால் பன்னிரண்டு, அதில் ஆறு இரண்டு தடவை. விடை 102. நீ போட்டதுதான் சரி. "போகலைன்னா அந்த இடத்தை மூடிடக் கூடாதும்மா" என்பாரே, எனக்குத்தான் மறந்துபோச்சு. பூஜ்யத்தைத் திரும்ப எழுதிவிட்டேன்.

சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வந்தால் அக்காவையும் கூப்பிட்டுக்கொள்.

இன்னொன்று. அப்பா தவறிய மறுவாரமே சாப்பாட்டு மேஜையில் நம் நாற்காலிகளை நெருக்கிப் போட்டேன், இல்லையா? அவர் நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, பழைய இடத்திலேயே போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பையை அதன்மேல் வைக்காதே. அது காலியாகவே இருக்கட்டும்.