கிண்ணத்தை நான் துடைக்கவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்குக் கண்கட்டுப் பிரித்தாகிவிட்டது, பிரித்ததும் முதல் வேலையாக என் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி உட்கார் என்றேனே, செய்தாயா? கைக்குட்டைக்காரரை மன்னித்துவிட்டீர்களா அப்பா என்று போன வாரம் போனில் கேட்டாய், நான் இருமி மழுப்பிவிட்டேன். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் நம் சபைச் செயலராக இருந்தவரை யாரிடம் கைகுலுக்கினாலும் உடனே கைக்குட்டையில் துடைத்துக்கொள்வார், அந்தப் பெயரை வைத்ததே நீதான். நீ போன பிறகு அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் சடலங்களைக் குளிப்பாட்டும் ஒரு பெண் ஞானஸ்நானம் பெற்று நம் சபையில் சேர்ந்தார், எல்லோரும் ஆஸ்பத்திரி அக்கா என்போம். முதல் திருவிருந்திலேயே பிரச்சினை வந்துவிட்டது. அக்கா வாய் வைத்த திராட்சரசக் கிண்ணத்தை அடுத்திருந்த செயலரிடம் நான் நீட்டினேன், அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் குழுக் கூட்டத்தில், "அந்தம்மாவுக்குத் தனிக் கிண்ணம் வைங்க, இல்லன்னா நாங்க தனியாப் போயிக்கிறோம்" என்றார். கர்த்தருடைய மேசையில் தனிக் கிண்ணம் கிடையாது என்றேன். போய்விட்டார்கள், பாதிச் சபை. சும்மாவா போனார்கள்? பெஞ்சுகளைச் சரிபாதியாகப் பிரித்தார்கள், ஒன்று மிஞ்சியது, அதை ரம்பம் கொண்டுவந்து நடுவில் அறுத்தார்கள். உன் அம்மா வழக்கமாக உட்காரும் பெஞ்சு அது. இரண்டு கால் பெஞ்சு எப்படி நிற்கும், இப்போதும் செங்கல் முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம். பதினோரு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் செங்கலைப் பார்த்துக்கொண்டே சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கித்தேன், உள்ளுக்குள் கறுவிக்கொண்டே.

அடுத்த தெருவில் டயர் கிடங்கு ஒன்றில் புதுச் சபை நடத்தினார்கள். ஞானஸ்நானத்துக்குத் தொட்டியில் முழுக்குவதா, தலையில் தெளிப்பதா என்று அங்கே சண்டை வந்தது, அதுவும் இரண்டாக உடைந்தது, இரண்டு பக்கமும் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கேள்விப்பட்டதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். உன்னிடம் மறைப்பானேன், அத்தனை வருட ஊழியத்தில் அப்படி வயிறு குலுங்கச் சிரித்ததில்லை.

பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "ஐயா, இந்த ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு வரலாமா" என்று கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றேன். அந்த வாரம் முழுவதும் பிரசங்கம் தயாரிக்கவில்லை, இதைத்தான் தயாரித்தேன். முழங்காலிடும் வரிசையில் அக்காவுக்கு அடுத்த இடத்தில் அவரை நிறுத்தச் சொல்லிக் கோயில் பணியாளரிடம் சொல்லி வைத்தேன். அக்கா குடித்தார். ஒவ்வொருவருக்குப் பிறகும் கிண்ணத்தின் விளிம்பைத் துணியால் துடைப்பேன் இல்லையா, அன்று துடைக்கவில்லை. அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். வாங்கிக் குடித்தார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. கோயிலே கேட்கும்படி, "போன வருஷம் உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில இறந்தப்போ, கடைசியாக் குளிப்பாட்டினது இவங்க கைதான், தெரியுமா?" என்றேன். அவர் அப்படியே குனிந்துவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது மகளே. ஆசீர்வாத ஜெபத்தை அன்று பாட்டுப் போலச் சொன்னேன்.

ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. "யாரைக் குளிப்பாட்டினேன்னு நான் வெளியில சொல்றதே இல்ல ஐயா. செத்தவங்களுக்கும் மானம் இருக்கு. அவங்க குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னுதான் உங்ககிட்ட சொன்னேன். என்னைக் கல்லா எடுத்து அவர்மேல எறிஞ்சிட்டீங்களே" என்றார். அவர்களாவது தனிக் கிண்ணம் கேட்டார்கள், நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே என்றும் சொன்னார். மதியம் உன் அம்மா சோறு போட்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு அக்கா வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

நேற்றுக் காலை மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்கட்டில், சலவைத்துணி காயும் இடத்தைத் தாண்டினால் பிணவறை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார் கைக்குட்டைக்காரர். "அவ முகம் எப்படிம்மா இருந்துச்சு, நான் ஊருக்குப் போயிருந்தேன், வந்து பார்க்கறதுக்குள்ள மூடிட்டாங்க" என்று கேட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தூங்குற மாதிரிதான் இருந்தாங்க. முடி சிக்காயிருந்துச்சு, எடுத்துப் பின்னி விட்டேன். காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருந்துச்சு" என்றார். அவர் அந்த ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பார்த்துவிட்டு எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. எனக்கு முன்னால் வந்துவிட்டாரே என்று. ஒரு சபையை அறுத்துப் போட்ட மனிதர், நான் கேட்க வேண்டிய மன்னிப்பையும் எனக்கு முந்திக் கேட்டுவிட்டாரே என்று. உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன். நீ கேட்டதற்கு இதுதான் பதில். இன்னும் மன்னிக்கவில்லை. நாளை மறுபடியும் போகப்போகிறேன், அவர் அங்கே இருந்தாலும் இந்த முறை உள்ளே போவேன் என்று நினைக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காத்து, உங்கள் கையின் வேலையை வாய்க்கச் செய்வாராக. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனது அம்மாவுக்குத் தெரியாது, நானே சொல்லும்வரை போனில் வாய் தவறிவிடாதே. எப்போதும் பெயருக்குக் கீழே போதகர் என்று போடுவேன், இன்று கை வரவில்லை.

உன் அப்பா